ஆற்றுக்கட்டின் மேலே ஒரு சைக்கிள் பாதை

இலங்கையின் கரையோரங்களை ஒரு காலத்தில் ஆண்ட ஒல்லாந்தரைப் பற்றி நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். கோட்டைகள், கறுவா, நீர்கொழும்புப் பக்கத்துக் கால்வாய் என்று அவர்களைப் பற்றிய செய்திகள் பரீட்சையோடு முடிந்துவிடுகின்றன. அவர்களுடைய சொந்த நாடு எப்படிப்பட்டது என்று நாம் அதிகம் கேட்பதில்லை. நெதர்லாந்து என்ற பெயருக்கே 'தாழ்ந்த நிலங்கள்' என்பதுதான் பொருள். பரப்பளவில் அது ஏறக்குறைய 41,500 சதுர கிலோமீற்றர். அதாவது இலங்கையை விடச் சிறியது. அதில் நான்கில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே வாழும் மக்கள் சுமார் ஒரு கோடி எண்பது இலட்சம். சைக்கிள்களோ இரண்டு கோடியைத் தாண்டும். ஆளுக்கு ஒன்று கொடுத்த பிறகும் மிஞ்சும்.

அந்நாட்டில் விடுமுறை நாளொன்றில் ஆற்றங்கரைப் பக்கம் போனால் பேரன் முன்னே, உம்மம்மா பின்னே என்று குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் போவதைக் காணலாம். யாருக்கும் அவசரமில்லை. பஸ்ஸின் கோர்ண் சத்தமில்லை. லொறி உரசிக்கொண்டு போவதில்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தோட்டங்களும் புல்வெளிகளும். இதைப் பார்க்கும் வெளியூரவர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. "தரை தட்டையாக இருக்கிறது, அதனால் சைக்கிள் ஓடுகிறார்கள்" என்பதே அது. இது பாதி உண்மை. மற்றப் பாதியையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு செய்த சமதரை

சுவிட்சர்லாந்தின் மலைகளில் பிறக்கும் ரைன் ஆறு ஜேர்மனியைக் கடந்து நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் கிளைகளாகப் பிரிகிறது. பெரிய கிளைக்கு வால் என்று பெயர். மொத்த நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அதுவே கொண்டு செல்கிறது. வடக்கே செல்லும் கிளை நெடர்ரைன் என்று தொடங்கி, பிறகு லெக் என்ற பெயரைப் பெறுகிறது. இந்த இரண்டுக்கும் இடையே கிடக்கும் நீண்ட நிலத்தை பேதுவ என்பார்கள். அப்பிள், பேரி, செரி மரங்கள் நிறைந்த பிரதேசம் அது. ஏப்ரல் மாதத்தில் தோட்டங்கள் முழுவதும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். அந்தப் பூவைப் பார்ப்பதற்கென்றே மக்கள் சைக்கிளில் வருவார்கள்.

இந்தத் தரை எப்படி இவ்வளவு தட்டையானது? மலையிலிருந்து ஆறு மண்ணைக் கொண்டுவருகிறது. வெள்ளம் கரை தாண்டும்போது பருமனான மணல் கரையோரத்திலேயே படிந்துவிடும். நுண்ணிய களிமண் தூரம் சென்று மெதுவாகப் படியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படி நடந்ததால் கரையோரம் சற்று உயர்ந்தும், அதற்கப்பால் உள்ள நிலம் தாழ்ந்தும் அமைந்தன. உயர்ந்த பகுதியில் ஊர்களும் பழத்தோட்டங்களும் வந்தன. தாழ்ந்த களிமண் பகுதி மாடுகளுக்குப் புல்வெளியாயிற்று. புவியியல் படிக்கும் மாணவிகள் வெள்ளச் சமவெளி பற்றிய பாடத்தை இங்கே கண்ணெதிரே காணலாம்.

ஆனால் ஆறு தந்த நிலத்தை ஆறே திருப்பி எடுத்துக்கொள்ளும். ஆகவே மக்கள் ஆற்றின் இரு பக்கமும் மண்ணால் உயரமான கட்டுகளை எழுப்பினார்கள். நம்முடைய குளக்கட்டை மனதில் நினைத்துக்கொண்டால் இதை விளங்கிக்கொள்வது இலகு. குளக்கட்டு தண்ணீரை உள்ளே தேக்குகிறது. அவர்களுடைய கட்டு தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. இந்தக் கட்டுகளைப் பராமரிக்க 13ஆம் நூற்றாண்டிலிருந்தே நீர்ச் சபைகள் இயங்கிவருகின்றன. தனியொருவர் தன் காணிக்கு முன்னால் உள்ள கட்டை மட்டும் உயர்த்தினால் பயனில்லை. பக்கத்துக் காணிக்காரரின் கட்டு உடைந்தாலும் வெள்ளம் எல்லோர் வீட்டுக்கும் வரும். இதனால் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் தேவையின் காரணமாகவே அங்கு வேரூன்றியது. இன்றும் 21 நீர்ச் சபைகள் தேர்தல் நடத்தி இயங்குகின்றன.

கட்டின் சரிவில் புல் வளர்க்கிறார்கள். புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புல்லை மேய ஆடுகளை விடுகிறார்கள். ஆட்டின் குளம்பு மண்ணை மிதித்து இறுக்கும். நீர் உயரும் நாட்களில் ஊர்த் தொண்டர்கள் கட்டின் மேலே நடந்து, எங்கேயாவது கசிவு உண்டா என்று பார்ப்பார்கள். இந்தக் காவலுக்கும் பராமரிப்புக்கும் ஒரு வழி தேவை. நல்ல காட்சியும் தட்டையான தரையும் கொண்ட அந்த வழியே பல இடங்களில் இன்று சைக்கிள் பாதையாகியிருக்கிறது.

சைக்கிளும் காற்றும்

தட்டை நிலத்தில் சைக்கிள் ஓடுவது ஏன் இலகு என்பதை விஞ்ஞான பாடத்தைக் கொண்டே விளக்கலாம். சமதரையில் சைக்கிளோட்டி வெல்ல வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று, சில்லுக்கும் தரைக்கும் இடையே உள்ள தடை. மற்றது, வளித்தடை. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது இரண்டும் சிறியவையே. ஆனால் 100 மீற்றர் தூரத்துக்கு 5 மீற்றர் உயரும் ஏற்றம் ஒன்று வந்தால், அதே வேகத்தில் ஏற ஏறக்குறைய நான்கைந்து மடங்கு வலு வேண்டும். நடுத்தர வயதுத் தாயோ சிறு பிள்ளையோ அந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

அப்படியானால் நெதர்லாந்தில் கஷ்டமே இல்லையா? இருக்கிறது. அது காற்று. மலையோ காடோ மறைக்காத வெளியில் காற்று நேராக முகத்தில் அடிக்கும். வளித்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. நீங்கள் 15 கிலோமீற்றர் வேகத்தில் போக, எதிர்க்காற்றும் 15 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், வளித்தடை நான்கு மடங்காகிவிடும். ஆகையால் அனுபவமுள்ளவர்கள் காலையில் காற்றை எதிர்த்துப் புறப்படுவார்கள். களைத்துத் திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். எதிர்க்காற்றில் சாதாரணச் சைக்கிள் ஓடும் போட்டி ஒன்றைக்கூட அவர்கள் புயற்காற்று நாட்களில் கடல் தடுப்பணையின் மேல் நடத்துகிறார்கள்!

இலக்கங்களைத் தொடர்ந்து ஒரு பயணம்

புதிய இடத்தில் வழி தவறிவிடுமே என்ற பயம் எவருக்கும் இருக்கும். அதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, பச்சை நிறத்தில் பலகை நட்டிருக்கிறார்கள். புறப்படுமுன் வரைபடத்தைப் பார்த்து, 12, 45, 46, 83 என்பதுபோல் போக வேண்டிய இலக்கங்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டால் போதும். ஊர்ப்பெயரோ மொழியோ தெரிய வேண்டியதில்லை. இந்த யோசனை பக்கத்து நாடான பெல்ஜியத்தில் 1990களில் பிறந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஹூகோ பொலன் என்ற சுரங்கப் பொறியியலாளர். நிலக்கரிச் சுரங்கத்தின் இருட்டுப் பாதைகளில் தொழிலாளர் வழி தவறாதிருக்கச் சந்திகளுக்கு இலக்கமிடுவார்கள். சுரங்கங்கள் மூடப்பட்ட பின், அந்த முறை வெளிச்சத்துக்கு வந்து உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டியாயிற்று.

ஆறு குறுக்கிட்டால் பாலத்தைத் தேடிப் பல கிலோமீற்றர் சுற்ற வேண்டியதில்லை. நம் கிழக்கு மாகாணத்தில் 'பாதை' என்று சொல்லும் மிதவையைப் போன்ற சிறு படகுகள் பல இடங்களில் சைக்கிள்களை ஏற்றி அக்கரை சேர்க்கின்றன. அவற்றில் சில, ஆற்றின் மேல்பக்கத்தில் நங்கூரமிட்ட நீண்ட கம்பியில் கட்டப்பட்டிருக்கும். படகைச் சற்றுச் சரித்துப் பிடித்தால் நீரோட்டமே அதை அக்கரைக்குத் தள்ளிவிடும்.

லெக் ஆற்றோடு மேற்கே போனால் கிண்டர்டைக் என்ற ஊர் வரும். அங்கே 19 பழைய காற்றாலைகள் வாய்க்கால்களின் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை 1740ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டவை. தாழ்ந்த நிலத்தில் தேங்கும் நீரை இறைத்து ஆற்றில் விடுவதே அவற்றின் வேலை. 1997இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. காற்றாலைகளுக்கு நடுவே போகும் வழி நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரியது. கிண்டர்டைக் என்றால் 'குழந்தைக் கட்டு' என்று பொருள். 1421இல் வந்த பெருவெள்ளத்தின்போது ஒரு தொட்டில் மிதந்து வந்து கட்டோரம் ஒதுங்கியதாம். அது கவிழாதபடி ஒரு பூனை இப்பக்கமும் அப்பக்கமும் பாய்ந்து சமநிலையைக் காத்ததாம். உள்ளே குழந்தை சுகமாக உறங்கிக்கொண்டிருந்ததாம். கதை கதையாகவே இருக்கட்டும். ஒரு குழந்தையின் உயிர் தப்பியதை ஓர் ஊர் தன் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கிறது என்பது நினைவில் வைக்கத்தக்கது. ஏனெனில் இனி வரும் செய்தி, தப்பாத குழந்தைகளைப் பற்றியது.

தட்டை நிலம் பலியெடுத்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெதர்லாந்து செல்வந்த நாடாயிற்று. கார்கள் பெருகின. கார்களுக்காக வீதிகள் அகலமாக்கப்பட்டன. சைக்கிள்கள் ஓரம் தள்ளப்பட்டன. 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சிறிய நாட்டின் வீதிகளில் 3,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் சிறுவர்கள். நிலம் அன்றும் தட்டையாகத்தான் இருந்தது. ஆறும் அதே ஆறுதான். சைக்கிளும் அதே சைக்கிள்தான். ஆனால் பிள்ளையைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் அனுப்பிய தாய் அது திரும்பி வரும்வரை வாசலில் நின்றாள்.

விக் லாங்கன்ஹொஃப் என்ற பத்திரிகையாளரின் சிறு மகள் அப்படிப் பள்ளிக்கூடம் போகும் வழியில் இறந்தாள். 1972இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'சிறுவர் கொலையை நிறுத்துங்கள்' என்பதாகும். விபத்து என்ற சொல்லை அவர் ஏற்கவில்லை. நடக்கும் என்று தெரிந்தும் தடுக்காமல் விட்டால் அது வெறும் விபத்தாகுமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் தகப்பன்மாரும் பிள்ளைகளோடு வீதியில் இறங்கினார்கள். அந்த இயக்கத்தின் முதல் தலைவி மார்த்யே வான் புத்தன் என்ற இளம்பெண். அவர் பிற்காலத்தில் ஐரோப்பிய பாராளுமன்ற உறுப்பினரானார்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் திகதி முதல் சில வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதை அரசாங்கம் தடைசெய்தது. எரிபொருளை மிச்சம் பிடிக்கவே அந்தத் தடை வந்தது. ஆனால் கார் இல்லாத வீதி எப்படி இருக்கும் என்பதை மக்கள் அன்று நேரில் கண்டார்கள். பெருந்தெருக்களில் பிள்ளைகள் விளையாடினார்கள். ஒருமுறை கண்ட பிறகு, அதைக் கேட்பது இலகுவாயிற்று. 1975இல் சைக்கிளோட்டிகளின் சங்கமும் உருவாயிற்று.

அதன் பின் நடந்தவை ஒரே நாளில் நடந்தவையல்ல. வேகமான வாகனம் போகும் வீதியில் சைக்கிளுக்கு வேறான பாதை அமைக்கப்பட்டது. குடியிருப்பு வீதிகளில் வாகனம் நடைவேகத்தில் போக வேண்டும் என்று 1976இல் விதி வந்தது. தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகள் வீதிப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். எழுத்துப் பரீட்சையோடு, உண்மையான வீதியில் சைக்கிள் ஓடிக் காட்டும் செயன்முறைப் பரீட்சையும் அதில் உண்டு. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை மோட்டார் வாகனத்தில் மோதுண்டு காயமடைந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அநேகமாக முழுவதும் வாகனத்தின் பக்கத்தையே சாரும். இன்று அந்நாட்டில் சைக்கிள் பாதைகள் சுமார் 35,000 கிலோமீற்றர் நீளமானவை. வாகனங்கள் பல மடங்காகப் பெருகியும் வீதி மரணங்கள் வருடத்துக்கு ஏறக்குறைய 700 ஆகக் குறைந்துள்ளன. அந்த எழுநூறும் அதிகம் என்றே அவர்கள் கருதுகிறார்கள்.

ஆற்றோரத்திலும் இதே மனப்பான்மையைக் காணலாம். 1995இன் தொடக்கத்தில் ஆறுகள் பெருகியபோது சுமார் இரண்டரை இலட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. கட்டுகள் தாங்கின. எனினும் கட்டை மேலும் மேலும் உயர்த்துவது போதாது, ஆற்றுக்கே இடம் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நைமேகன் நகரில் வால் ஆற்றின் கட்டை 350 மீற்றர் பின்னுக்கு நகர்த்தினார்கள். இதற்காகச் சுமார் 50 வீடுகள் அகற்றப்பட்டன. அந்த இழப்பு சிறிதன்று. புதிதாக வெட்டிய கிளையாற்றின் ஓரத்தில் மக்கள் உலாவும் பசுந்திடல்களும் சைக்கிள் பாதைகளும் அமைந்தன. அதே நகரில் ரயில் பாலத்தின் பக்கவாட்டில் ஒரு சைக்கிள் பாலத்தை 2004இல் பொருத்தினார்கள். அதற்கு இட்ட பெயர் சைக்கிளின் பின் கரியரில் சாமான் கட்டும் இறப்பர் பட்டியின் பெயர்!

பெண்களும் சைக்கிளும்

நம் வாசகிகளுக்கு ஒரு செய்தி சிறப்பாகப் பயன்படும். நெதர்லாந்தின் பழைய பாணிப் பெண்கள் சைக்கிள் நீண்ட பாவாடை உடுத்த பெண்களை எண்ணியே வடிவமைக்கப்பட்டது. நடுவில் உயர்ந்த குறுக்குக் கம்பி இல்லாததால் காலை உயர்த்தாமலே ஏறலாம். சங்கிலி முழுவதும் பெட்டிபோல் மூடப்பட்டிருக்கும். பின்சில்லின் இரு பக்கமும் துணியோ தகடோ மறைத்திருக்கும். ஆகவே உடை சிக்காது, கிறீஸ் படாது. கைப்பிடி உயரமாக இருப்பதால் நிமிர்ந்து உட்கார்ந்து போகலாம். அபாயா அணிந்து சைக்கிள் ஓடும் நம் சகோதரிகளுக்கு இந்த வசதிகளின் அருமை சொல்லாமலே புரியும்.

1970களில் மொரோக்கோவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் பல குடும்பங்கள் அங்கே குடியேறின. அப்பெண்களில் பலர் சிறுவயதில் சைக்கிள் பழகியவர்கள் அல்லர். அவர்களுக்கென்று பல நகரங்களில் பெண்களே பெண்களுக்குக் கற்பிக்கும் சைக்கிள் வகுப்புகள் நடைபெறுகின்றன. வாகனம் வராத ஒரு திடலில் முதலில் காலால் உந்திப் பழகி, பிறகு பெடல் மிதித்து, கடைசியில் பாதைக்கு வருகிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், கடைக்குப் போகவும், வைத்தியரிடம் போகவும் இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. முக்காடிட்ட பெண்ணொருத்தி சைக்கிளில் போவது அங்கே எவரும் திரும்பிப் பார்க்காத சாதாரணக் காட்சி.

நாம் யோசிக்க வேண்டியது

நம் நாட்டின் கிழக்குக் கரையோரமும் தட்டை நிலந்தான். வயல்வெளியும் வாய்க்காலும் களப்பும் அங்கேயும் உண்டு. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் மாணவிகளும் ஏராளம். ஆனால் அதே வீதியில் பஸ்ஸும் லொறியும் மோட்டார் சைக்கிளும் போட்டி போட்டு ஓடுகின்றன. ஆகவே மகள் வளர வளர, "இனிச் சைக்கிள் வேண்டாம்" என்று உம்மாவும் வாப்பாவும் சொல்லிவிடுகிறார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. 1971இல் நெதர்லாந்துத் தாய்மாருக்கும் இதே பயம்தான் இருந்தது. அவர்கள் அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு போன இடந்தான் வேறு. பிள்ளையின் சைக்கிளை வீட்டுக்குள் பூட்டி வைப்பதற்குப் பதிலாக, வீதியைத் திருத்தும்படி நகர சபையின் கதவைத் தட்டினார்கள்.

பெரிய செலவில்லாமல் தொடங்கக்கூடிய காரியங்களும் உள்ளன. பள்ளிக்கூடம் தொடங்கும், விடும் நேரங்களில் வாசல் வீதியில் கனரக வாகனத்தை நிறுத்திவைக்கலாம். பராமரிப்புக்காக ஏற்கனவே உள்ள வாய்க்கால் கட்டு வழியைச் செப்பனிட்டு, இரு முனையிலும் கட்டை நட்டு, சைக்கிள் மட்டும் போக விடலாம். இவற்றைக் கேட்டு பிரதேச சபைக்கு எழுதும் கடிதத்தில் பெற்றோரோடு மாணவிகளும் கையொப்பமிடலாம்.

ஆற்றுக்கட்டை ஒரு வீட்டார் தனியே கட்ட முடியாது என்பதை அந்தத் தாழ்நில மக்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். பிள்ளை பத்திரமாகச் சைக்கிள் ஓடும் பாதையும் அப்படிப்பட்டதே. அதை ஊர் சேர்ந்தே கட்ட வேண்டும்.